தொட்டவர் பெயர்

உலகம் முழுவதும் மனிதர்கள் சொறிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை உலகம் கண்டுபிடித்த அதே வருடத்தில், ஜவ்வாது மலையில் நரிக்கொல்லை ராஜாக்கண்ணுவும் சொறிந்துகொண்டிருந்தார். இந்த இரண்டு செய்திகளுக்கும் அதுவரை ஒரு சம்பந்தமும் இல்லை.

குளிர்ந்த ஊர் ஒன்றில் நாடுகளெல்லாம் கூடி, தோல் நோய் சின்ன விஷயமில்லை என்று ஒருமனதாக ஒத்துக்கொண்டனவாம். ஒத்துக்கொண்டால் மட்டும் போதுமா, அதைக் கவனிக்க ஆள் வேண்டாமா? அப்படித்தான் 'உலகத் தோல் நலப் பேரியக்கம்' பிறந்தது. முதலில் அதற்கு ஒரு சின்னம் வந்தது. பிறகு பாட்டு வந்தது. பிறகு வண்டிகள் வந்தன. தமிழ்நாட்டில் அதன் முன்னோடித் திட்டத்தை எங்கே தொடங்கலாம் என்று ஆலோசித்து, ஏலகிரியில் மண்டபம் கிடைக்காததால் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ராஜாக்கண்ணுவுக்குச் சொறி வந்தது குடகில். மனைவி திரௌபதி செத்த பிறகு சாமைக் கொல்லையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க மனசில்லாமல், காப்பித் தோட்ட வேலைக்குப் போனார். அங்கே கொட்டகையில் ஆள் பாதி, கம்பளி பாதி. ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் முடங்கிக் கிடந்ததில் விரலிடுக்கில் ஆரம்பித்தது. இடுப்புக்கு வந்தது, தொடைக்கு இறங்கியது. ஊர் திரும்பியபோது கூலியோடு அதையும் கொண்டுவந்தார்.

ஊரில் யாரும் அவரைத் திட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். டீக்கடையில் முதலில் அவருக்கென்று தனி கிளாஸ் வைத்தார்கள். அப்புறம் அந்த கிளாஸைப் பக்கத்தில் வைக்க மற்ற கிளாஸ்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, "வூட்டுக்கே எடுத்துட்டுப் போய்டுங்கண்ணே, உங்களுக்கே இருக்கட்டும்" என்று மரியாதையாகக் கொடுத்துவிட்டார்கள். சாமை அறுப்புக்குக் கூப்பிடும்போது அவர் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் குரல் கொடுத்தார்கள். பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்தது. கூட்டமான பேருந்தில் கூட அகலமாக உட்கார்ந்து போகிற வசதி மலையில் அவர் ஒருவருக்குத்தான்.

மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம்தான். ஆனால் பேரியக்கம் வந்த நாளிலிருந்து அந்தக் களிம்பைக் கடைகள் தனியாக விற்கக் கூடாது என்று உத்தரவு. உலகத்தரத்தில் ஒழிக்கப்போகிற நோயை ஆளாளுக்குத் தனித்தனியாக ஒழித்துக்கொண்டால் கணக்கு எப்படி வரும்?

ஒருநாள் பேரியக்கத்தின் களப்பணியாளர் நதியா, நீலச் சட்டையும் கையில் டேப்லெட்டுமாக நரிக்கொல்லைக்கு வந்தாள். பக்கத்து ஊர்ப் பெண். ராஜாக்கண்ணுவின் கையை எட்ட நின்று பார்த்தாள்.

"சிரங்குதான் பெரிப்பா. கவலப்படாதீங்க. களிம்பு இருக்குது. கழுத்துலருந்து கால் வரைக்கும் பூசுனா சரியாப் போய்டும்."

"குடுத்துட்டுப் போம்மா."

"அது அப்டி இல்ல பெரிப்பா. இது ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு ஒட்டற நோவு. உங்களுக்கு மட்டும் குடுத்தா, வூட்ல மத்தவங்ககிட்டருந்து திரும்பி வந்துரும். அதனால குடும்பத்துக்கே ஒண்ணாத்தான் குடுப்போம். குடும்பப் பெட்டின்னு பேரு."

"வூட்ல மத்தவங்கன்னு யாரும் இல்லியே."

நதியா டேப்லெட்டைத் தட்டினாள். அது 'செல்லாது' என்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் சொன்னது.

"தனி ஆளுன்னு போட்டா எடுக்க மாட்டேங்குது. கூட இருக்கறவங்க இல்லன்னா, தொட்டவங்க பேராவது வேணும். உங்கள கடைசியா யாரு தொட்டாங்க பெரிப்பா?"

சாதாரணக் கேள்விதான். ராஜாக்கண்ணு பதிலைத் தேடினார். கண்டக்டர் டிக்கெட்டை இருக்கையின் மேல் வைத்துவிட்டுப் போகிறார். ரேஷன் கடையில் பையைத் தரையில் வைக்கச் சொல்கிறார்கள். கோயிலில் பூசாரி திருநீற்றை மேலிருந்து உதறுகிறார். நதியா டேப்லெட்டைப் பிடித்தபடி நின்றாள். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். கொல்லையில் ஒரு மைனா இறங்கி, பொறுக்கி, பறந்து போனது.

"ஞாபகம் வரலம்மா" என்றார்.

"குடகுல யாராவது?"

"அங்க மூணு பேரு ஒரே கம்பளி."

"குடகு வேற மாநிலம். நம்ம கணக்குல வராது. இங்க யாரையாவது கேட்டு வையுங்க பெரிப்பா, அடுத்த வாரம் வர்றேன்."

அந்த வாரம் முழுக்க ராஜாக்கண்ணு தன்னைத் தொட்டவரைத் தேடி அலைந்தார். முதலில் பக்கத்துக் கொல்லை முனிசாமியிடம் போய், வேலிக்கு இந்தப் பக்கமே நின்று விஷயத்தைச் சொன்னார். முனிசாமி நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

"தொட்டேன்னு சொல்றதுல எனக்கு இன்னா ராஜாக்கண்ணு? சொல்லிட்டா எனக்கும் சொறின்னு எழுதிப்புடுவான். பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கறேன்."

"நெசமாத் தொட வேணாம். பேரு மட்டும்."

"பேருதானப்பா ஊரெல்லாம் போவுது."

அது சரிதான் என்று ராஜாக்கண்ணுவுக்கே பட்டது. திரும்பும்போது முனிசாமி ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வேலியின் மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார். ராஜாக்கண்ணு எடுத்துக்கொண்டார்.

பிறகு ஆலங்காயத்துக்கு இறங்கினார். மகள் தமிழரசியைக் கட்டிக்கொடுத்த ஊர். வீட்டுக்குப் போகாமல் போன் செய்து பேருந்து நிலையத்துக்கு வரச்சொன்னார். தமிழரசி கைக்குழந்தையோடு வந்தாள். மருமகன் சாலைக்கு அந்தப்புறம் வண்டியை அணைக்காமல் காத்திருந்தார்.

ஒரே பெஞ்சில் அப்பன் ஒரு கோடியிலும் மகள் ஒரு கோடியிலுமாக உட்கார்ந்தார்கள். நடுவில் அவள் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலம் இருந்தது.

"எளைச்சுட்டியேப்பா."

"மலை ஏறி எறங்குனா அப்டித்தான். புள்ள பல்லு முளைச்சுடுச்சா?"

"ரெண்டு வந்துருக்கு." குழந்தையின் வாயைத் திறந்து தூரத்திலிருந்தே காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "ஆமா, நல்லா வந்துருக்கு" என்றார்.

தொட்டவர் பெயர் விஷயத்தை அவளிடம் சொல்வதாகவே இல்லை. ஆனால் அவள் எப்படியோ கேட்டு வாங்கிவிட்டாள். கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"எம்பேர போட்டுக்கோப்பா. மகள் தொட்டான்னு சொல்லு. இதுல இன்னா இருக்கு?"

சொல்லிக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து வந்தாள். சாலைக்கு அந்தப்புறம் வண்டி ஒருமுறை உறுமியது. ராஜாக்கண்ணு எழுந்து நின்றுகொண்டார்.

"வேற ஆளு கெடச்சுட்டாங்கம்மா. முனிசாமி பேரு குடுத்துட்டான். நீ கெளம்பு, அவரு வெயில்ல நிக்கறாரு."

பேருந்தில் மலை ஏறும்போது பொட்டலத்தைப் பிரித்தார். கருவாட்டுக் குழம்பு. அகலமான இருக்கையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த வாரம் வந்த நதியாவிடம், "ஒருத்தரும் இல்லம்மா. அப்டியே போட்டுக்கோ" என்றார். அவள் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனாள்.

மேலே கேட்டது பெரிய பரபரப்பாகிவிட்டது. பேரியக்கத்தின் வரலாற்றில் யாரும் தொடாத நோயாளி கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஆப்பிரிக்காவில் கேட்டார்கள், அங்கேயும் கிடையாது. பசிபிக் தீவுகளில் கேட்டார்கள், அங்கே ஒரு நோயாளியைச் சராசரியாக ஏழெட்டுப் பேராவது கட்டிப் பிடித்திருந்தார்கள். இரண்டு வண்டி நிறைய ஆட்கள் நரிக்கொல்லைக்கு வந்து, ராஜாக்கண்ணுவுக்கும் ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தார்கள். ஒருவர் மடிக்கணினியில் உலக வரைபடத்தைத் திறந்து காட்டினார். கண்டம் கண்டமாகச் சிவப்புப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கீழே ஓரத்தில், ஒரே ஒரு நீலப் புள்ளி.

"இதுதான் சார் நீங்க. உலகத்துல இந்தக் கலர் வேற யாருக்கும் கெடையாது."

ராஜாக்கண்ணு அந்தப் புள்ளியைக் குனிந்து பார்த்தார். சுற்றி ஒன்றும் இல்லாமல் அது நன்றாகவே தெரிந்தது.

"மருந்து?" என்று கேட்டார்.

"அது உங்களுக்கு எடுக்கற விழாவுல எங்க இயக்குநரே சொல்வாரு."

விழா ஜமுனாமரத்தூரில் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் 'தயங்காமல் தொடுவோம்' என்று பெரிய பதாகை. உள்ளே நுழைந்த எல்லாருக்கும் கையுறை கொடுத்தார்கள். மேடையில் இயக்குநர் டாக்டர் ஆனந்தன் நடுவில் அமர்ந்திருந்தார். மேடையின் கோடியில் ஒரு நாற்காலி போட்டு, அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். ராஜாக்கண்ணு வட்டத்துக்குள் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, புதுச்சட்டை. சொறியக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

இயக்குநர் நன்றாகப் பேசுகிறவர்.

"மனித உடம்பில் மிகப் பெரிய உறுப்பு எது? தோல். அதைவிடப் பெரியது நம் பேரியக்கம். தோலுக்காவது ஓர் எல்லை உண்டு, நமக்குக் கிடையாது. இன்று உலகெங்கும் கோடானுகோடிப் பேருக்கு அரிக்கிறது. அவர்கள் ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் தனியாக இல்லை." இங்கே நிறுத்தி, மேடைக் கோடியைப் பார்த்தார். "திரு. ராஜாக்கண்ணுவைத் தவிர."

மண்டபம் கைதட்டியது. கையுறைகளோடு தட்டியதால் சத்தம் சற்று மந்தமாக வந்தது.

"தோல் நோயை ஒழிக்க நாம் மருந்தை நம்பினோம், சோப்பை நம்பினோம், பிரசுரங்களை நம்பினோம். ஆனால் இதோ, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மலைக்கிராமம் வழிகாட்டியிருக்கிறது. இந்த மனிதரிடமிருந்து ஒருவருக்குக் கூட நோய் பரவவில்லை. ஏன்? இவர் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. எவ்வளவு எளிமை. எவ்வளவு சிக்கனம். உலகத்தில் எல்லாரும் இவரைப் போல வாழ்ந்தால், சிரங்கு எப்படிப் பரவும்? இதற்கு 'ஜவ்வாது மாதிரி' என்று பெயரிட்டு, உலக நாடுகளுக்குப் பரிந்துரைக்கிறோம்."

ராஜாக்கண்ணுவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அதைச் சொல்ல அது இடமில்லை என்று இருந்துவிட்டார்.

பிறகு சான்றிதழ். இயக்குநர் நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கி வழங்குவதாகத்தான் அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. கடைசி நேரத்தில் யாரோ யோசித்து, சான்றிதழைக் கல்யாணப் பந்திப் பாய் போல நீளமாக அடித்திருந்தார்கள். ஒரு முனையை இயக்குநர் பிடித்தார், மறு முனையை வட்டத்துக்குள்ளிருந்து ராஜாக்கண்ணு பிடித்தார். புகைப்படக்காரர் இரண்டு பேரையும் ஒரே படத்தில் அடக்க முடியாமல் பின்னால் போய், பின்னால் போய், வாசலுக்கே போய்விட்டார். அந்தக் காகிதத்தில் 'சிறந்த தொடர்பற்ற குடிமகன்' என்று எழுதியிருந்தது.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி, ஒலிவாங்கியைக் கம்பியோடு நீட்டினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க" என்றார் ராஜாக்கண்ணு. "அந்தக் களிம்பு மட்டும் குடுத்தீங்கன்னா போய்டுவேன்."

மண்டபம் சிரித்தது. இயக்குநரும் சிரித்து, தந்தையைப் போல விளக்கினார்.

"நல்ல கேள்வி. கொடுக்கலாம். கொடுத்தால் குணமாகிவிடுவீர்கள். குணமானால் நாலு பேர் வந்து தொடுவார்கள். அப்புறம் மாதிரி என்னாவது? உங்கள் ஒருவருடைய சுகத்துக்காக உலகத்தின் வழிகாட்டியை அழிக்கச் சொல்கிறீர்களா? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும்."

ராஜாக்கண்ணு, இல்லை என்று தலையாட்டினார். கைகள் மறுபடி தொடைக்கடியில் போயின.

விழா முடிந்து எல்லாரும் பிரியாணிக்குப் போனார்கள். சான்றிதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ராஜாக்கண்ணு மண்டபத்துக்குப் பின்புறம் வந்தபோது, ஒரு மினி லாரியின் நிழலில் வாணியம்பாடி நசருல்லா நின்றிருந்தார். முன்பு தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருந்தவர். இப்போது சந்தைதோறும் மலைக்கு வந்து புளி வாங்கிப் போகிற வியாபாரி. வெறும் முகப் பழக்கம்.

"இன்னா பெரியவரே, மேடையில மாப்ள மாதிரி குந்திருந்தீங்க."

"நீங்க எதுக்கு பாய் இங்க?"

நசருல்லா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. "சுண்ணாம்புத் தொட்டியில கெடந்த கை. வேலைய வுட்டும் இது வுடல. உலகத் தோலுன்னு போர்டு போட்ருக்கானேன்னு காட்ட வந்தேன். 'இது பரவாது பாய், எங்களுக்குப் பரவணும்'னு சொல்லிட்டான்."

நசருல்லா வண்டியின் முன்கதவைத் திறந்து, சீட்டுக்கடியிலிருந்து ஒரு குழாய்க் களிம்பை எடுத்தார்.

"பையன் தானிஷுக்கு ஆஸ்டல்ல வந்துச்சு. குடும்பத்துக்கே பெட்டியா குடுத்தான். இது மீந்தது. வெச்சுக்கோங்க."

ராஜாக்கண்ணு, கீழே வைக்கட்டும் என்று காத்திருந்தார். நசருல்லா நீட்டிய கையை எடுக்கவில்லை. அவர் இன்னும் தயங்குவதைப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். சொரசொரவென்ற கை. வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"மஞ்சு மூட்டம் எறங்கறதுக்குள்ள கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டணும். வர்றேன்."

லாரி போன பிறகும் ராஜாக்கண்ணு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டவர் என்று நசருல்லா பெயரைச் சொல்லலாம்தான். ஆனால் சுண்ணாம்பில் வெந்த கைக்குச் சொறியும் சேர்த்து எழுதிவிடுவார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் களிம்பு போட்டார். விரலிடுக்கில் போட்டார், இடுப்பில் போட்டார், கால்வரை போட்டார். முதுகுக்கு வந்தபோதுதான் சங்கடம். மேலேயிருந்து கையை விட்டுப் பார்த்தார், கீழேயிருந்து வளைத்துப் பார்த்தார். நடு முதுகில் ஓர் உள்ளங்கை அளவு இடத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் கை எட்டவில்லை. கடவுள் மனிதனைப் படைத்தபோது இன்னொருவர் பக்கத்தில் இருப்பார் என்று எண்ணி அந்த இடத்தை விட்டிருக்க வேண்டும். குழாய் தீர்ந்தது. சில நாள் சுகமாக இருந்தது. பிறகு முதுகில் மிச்சமிருந்தது மெல்ல இறங்கி, பழைய இடங்களுக்கெல்லாம் குடி வந்தது. அரிப்பு தாங்காதபோது வீட்டுக்குள் நடுவில் நிற்கிற வேங்கை மரத்தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டார்.

விருது பெற்றவர்களை விசாரிக்கப் பேரியக்கத்திலிருந்து சென்னைப் பெண் ஒருத்தி போனில் கூப்பிட்டாள். சிக்னலுக்காக ராஜாக்கண்ணு பாறைமேல் ஏறி நின்று பேசினார்.

"சார், உங்க தொடர்பற்ற நிலை தொடருதா? இந்த வாரம் உங்களை யாராவது தொட்டாங்களா?"

கேட்டு எழுதிக்கொள்கிறவர்களிடம் அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "முதுகுல பட்டுச்சும்மா" என்றார்.

"யார் சார்?"

"தூணு."

"தூ... ணு. இனிஷியல்?"

"அதெல்லாம் இல்லம்மா. வேங்கை."

"வே. தூணு. வயசு?"

"எங்கப்பா காலத்துது. என்னவிட மூத்தது."

"சீனியர் சிட்டிசன். உங்க வீட்லயே இருக்காங்களா?"

"எங்கியும் போவாதும்மா. நடு வூட்லயே நிக்கும். அது மரம்மா..."

"மரம்மாவா? பேர் மாத்தறதுக்கு வேற நம்பர் சார். அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

ராஜாக்கண்ணு பாறைமேல் நின்று யோசித்தார். காற்று அடித்தது. கீழே அவர் வீடு தெரிந்தது.

"வூட்டத் தாங்கறது அதாம்மா" என்றார்.

"அப்ப குடும்பத் தலைவர்" என்று அந்தப் பெண் தட்டிக்கொண்டாள். இந்தமுறை எதுவும் 'செல்லாது' என்று சொல்லவில்லை.

ஜவ்வாது மாதிரி கைவிடப்பட்டதாகவும், தொடர்பு ஏற்பட்டுவிட்டதால் சான்றிதழைத் திருப்பித் தரவேண்டும் என்றும் குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பின்னாலேயே, குடும்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நதியா வந்தாள். பெட்டிமேல் ஒட்டியிருந்ததை உரக்கப் படித்தாள்.

"குடும்பத் தலைவர், வே. தூணு. சார்ந்திருப்பவர், ராஜாக்கண்ணு. யாரு பெரிப்பா இந்தத் தூணு? ஒறமொறையா?"

ராஜாக்கண்ணு வீட்டுக்குள் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நதியா அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"முதுகுக்கு நான் போட்டு வுடட்டா பெரிப்பா?" என்றாள் மெதுவாக.

"வேணாம்மா. அப்பால உம்பேரு ஏறிடும். உனுக்கு வேலை முக்கியம். நீ போய்ட்டு வா."

அவள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. குடும்பத்தில் எல்லாரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும், ஒருவரையும் விடக் கூடாது என்று தமிழில் நன்றாகவே அச்சிட்டிருந்தார்கள். ராஜாக்கண்ணு சட்டையைக் கழற்றினார். ஒரு குழாயைப் பிதுக்கி, தன் முதுகு உயரத்துக்குத் தூணில் தாராளமாகப் பூசினார். பிறகு திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, அதைச் சார்ந்து நின்றார்.